கேபிளை நிறுத்தியபோது: போட்டுவிட்டுப் பார்ப்பவரும் தேடிப் பார்ப்பவரும்

எங்கள் வீட்டில் கேபிளை நிறுத்தலாம் என்ற பேச்சு பணக் கணக்கில்தான் ஆரம்பித்தது. ஃபைபர் நெட்டுக்கு ஒரு பில், கேபிள்காரருக்கு ஒரு பில், ஓடிடி ஆப்களுக்கு என் கணவர் போனிலிருந்து போகிற பணம் வேறு. எல்லாமே முக்கியமாக ஹாலில் இருக்கும் டிவிக்குத்தான். அது 32 இன்ச் எல்இடி, ஸ்மார்ட் டிவி எல்லாக் கடையிலும் வருவதற்கு முன்னால் வாங்கியது. படம் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. நன்றாக ஓடுகிற பொருளைத் தூக்கிப்போட மாமா சம்மதிக்க மாட்டார், எனக்கும் மனசு வராது. டிவி அதேதான் என்றால் அதன் முதுகில் எதைச் சொருகுவது என்பது மட்டும்தான் பாக்கி.

யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? என் தம்பி அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக் என்றான், டிவியின் எச்டிஎம்ஐ ஓட்டையில் சொருகினால் நெட்டிலிருந்து ஆப்களை ஓட்டும் குச்சி அது. ஆபீசில் கூட வேலை பார்ப்பவர் கூகுள் டிவி உள்ள ஏதாவது ஒன்று என்றார். நியூஜெர்சியில் இருக்கும் நாத்தனார், "ரோக்கு வாங்குங்க மதினி, பச்சப்பிள்ளகூட ஓட்டும்" என்றாள். ரோக்கு பெட்டி இங்கே முறையாக விற்பனைக்கு இல்லை. யாராவது சூட்கேசில் வைத்துக் கொண்டுவந்தாலும் அதன் ஆப் கடை நாட்டுக்கு நாடு வேறு. அது போகட்டும். மூன்று பேர் சொன்னதும் அவரவர் வீட்டுக்குச் சரியான பதில்தான். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை எங்கள் வீட்டில் ரிமோட் யார் கையில் இருக்கும் என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

பாளையங்கோட்டையில் பழைய வீடு எங்களுடையது. மாமா, அத்தை, நாங்கள் இரண்டு பேர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். எதையும் வாங்குவதற்கு முன்னால் கொஞ்ச நாள் சும்மா உட்கார்ந்து யார் எப்படி டிவி பார்க்கிறார்கள் என்று கவனித்தேன். இந்த மொத்த விஷயத்தில் உருப்படியாகச் செய்த வேலை அதுதான் என்று இப்போதும் சொல்வேன்.

மாமா காலையில் எழுந்ததும் டிவியைப் போடுவார். ரிமோட்டைப் பார்க்கவே மாட்டார். கட்டைவிரல் தானாக மூன்று எண்ணை அழுத்தும், பக்திப் பாட்டு வரும். பேப்பர் வந்ததும் வேறு மூன்று எண், செய்தி. பேப்பரைப் படிப்பாரா செய்தியைக் கேட்பாரா என்று கேட்டால் இரண்டும் இல்லை. வீட்டில் ஒரு சத்தம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அத்தைக்குச் சாயங்காலம் சீரியல். மூன்று சேனலிலும் ஒவ்வொன்று உண்டு. ஒன்றில் விளம்பரம் வந்தால் இன்னொன்றுக்குத் தாவி, அங்கே விளம்பரம் வரும் நேரம் பார்த்துத் திரும்பிவிடுவார். அந்தக் கணக்கு அவருக்கு மட்டும்தான் தெரியும். பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்பது டிவியைப் போடும் முன்பே தெரியும். கணவருக்குக் கிரிக்கெட், புதுப்படம். நான் எல்லோரும் படுத்த பிறகு ஒரு படத்தை நாலு ராத்திரியாகப் பிரித்துப் பார்க்கிற ஆள்.

ஆக வீட்டில் இரண்டு வகை. டிவியைப் போட்டுவிட்டு, வருவதைப் பார்ப்பவர்கள் ஒரு வகை. வேண்டியதைத் தேடிப் போட்டுப் பார்ப்பவர்கள் இன்னொரு வகை. ஸ்டிக், பெட்டி என்று சந்தையில் விற்கிற எல்லாமே இரண்டாவது வகைக்காகச் செய்தவை. அதைப் போட்டதும் "என்ன பார்க்கப் போகிறாய்?" என்றுதான் முதலில் கேட்கும். மாமாவிடம் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. என்ன ஓடுகிறதோ அதைப் பார்க்கத்தானே அவர் டிவியைப் போடுகிறார்.

சரி, கேபிளில் வருவது நெட்டில் எங்கே கிடைக்கிறது என்று ஒரு கணக்கு எடுத்தோம். சன் டிவியும் அதன் கூட்டமும் சன் நெக்ஸ்டில். விஜய் டிவி சீரியல்கள் ஜியோஹாட்ஸ்டாரில். ஜியோசினிமாவும் டிஸ்னி ஹாட்ஸ்டாரும் 2025 பிப்ரவரியில் ஒன்றாகி வந்த ஆப் இது. ஜீ தமிழ் என்றால் ஜீ5. செய்திக்குக் காசே வேண்டாம்: புதிய தலைமுறை, தந்தி, பாலிமர், சன் நியூஸ் எல்லாம் யூடியூபில் நேரலையாக ஓடுகின்றன. பொதிகை 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆகிவிட்டது. அதே வருஷம் நவம்பரில் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி வேவ்ஸ் என்று ஓர் ஆப்பும் கொண்டுவந்தது, தூர்தர்ஷன் சேனல்கள் அதில் வரும்.

காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் அத்தையின் மூன்று சீரியல் மூன்று ஆப்பில் இருக்கிறது. விளம்பரத்தில் தாவுவது என்றால் ஹோம் பட்டன், அடுத்த ஆப் வரை நகர்த்தல், ஓகே, ஆப் திறக்கக் காத்திருத்தல், "யார் பார்க்கிறீர்கள்" என்று முகப்படம் கேட்டால் அதற்கு ஓர் ஓகே, அப்புறம் சீரியலைத் தேடல். கேபிளில் இதெல்லாம் ஓர் அழுத்தல். பெட்டி வாங்குவதற்கு முன்னால் எல்லோரும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். வீட்டில் அதிகம் டிவி பார்க்கும் ஒருவர் டிவி அணைந்திருக்கும் நிலையிலிருந்து தன் நிகழ்ச்சியை அடைய எத்தனை தடவை அழுத்த வேண்டும்? ராம் எவ்வளவு, 4கே உண்டா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

தம்பியின் ஸ்டிக்கை இரவல் வாங்கி ஹால் டிவியில் மாட்டினேன். யாருக்கும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை, வேண்டுமென்றேதான். சொல்லிக் கொடுத்தால் நாம் பக்கத்தில் இருக்கும் வரை ஓட்டுவார்கள், நாம் ஆபீஸ் போனதும் டிவி அணைந்துவிடும். ரிமோட்டை அத்தை கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் காய்கறி நறுக்கிக்கொண்டு பார்த்தேன்.

கறுப்பு ரிமோட்டில் கறுப்பு பட்டன்கள். மேலே சின்னதாக வெள்ளைக் கோட்டில் வரைந்த படங்கள். வீடு போல ஒன்று, வளைந்த அம்புக்குறி ஒன்று, மூன்று கோடு ஒன்று. அத்தை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ரிமோட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, அம்புக்குறியை அழுத்தினார். எங்கோ போனது. வீட்டை அழுத்தினார். பழைய கேபிள் ரிமோட்டில் பட்டன் லேசில் இறங்காது, அந்தப் பழக்கத்தில் அழுத்திப் பிடித்தார். அழுத்திப் பிடித்தால் இதில் வேறு ஒரு மெனு வரும். "ஏம்மா, இதுல சேனல் எங்க இருக்கு?" என்றார். நியாயமான கேள்வி. அதில் சேனல் என்று ஒன்று இல்லவே இல்லை.

அன்றைக்கே ஒரு வழி செய்தோம், அது கடைசி வரை நின்றது. அத்தையின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து சிவப்பு ஒன்றை எடுத்து ஹோம் பட்டனில் ஒட்டினோம். "எங்க போய் மாட்டிக்கிட்டாலும் பொட்டை ஒரு தடவ தொடுங்க அத்தை" என்பதுதான் மொத்தப் பாடம். நிறத்தைத் தேட வேண்டியதில்லை, விரலுக்கே தட்டுப்படும். எந்தப் பெட்டி வாங்கினாலும் இதைச் செய்யலாம், செலவும் கிடையாது.

இன்னொரு தொல்லை, டிவிக்கு ஒரு ரிமோட், ஸ்டிக்குக்கு ஒரு ரிமோட். டிவி ரிமோட்டில் இருக்கும் சோர்ஸ் பட்டனை யாராவது தெரியாமல் அமுக்கினால் திரையில் 'நோ சிக்னல்' என்று நீலமாக வந்து நிற்கும். அதோடு அன்றைய டிவி முடிந்தது, நான் வரும் வரை. இதற்குத் தீர்வு டிவியின் செட்டிங்ஸில் இருக்கிறது. எச்டிஎம்ஐ-சிஇசி என்று பெயர். ஆனால் அந்தப் பெயரில் தேடினால் கிடைக்காது. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதை ஆன் செய்துவிட்டால் ஸ்டிக் ரிமோட்டில் ஹோம் அழுத்தியதும் டிவி தானாக எழுந்து சரியான எச்டிஎம்ஐக்கு வந்துவிடும். ஒலியைக் கூட்டக் குறைக்கவும் டிவியை அணைக்கவும் பட்டன் உள்ள ரிமோட்டாகப் பார்த்து வாங்குங்கள். சில விலை குறைந்த மாடல்களின் ரிமோட்டில் அந்தப் பட்டன்கள் இருப்பதில்லை, நூறு இருநூறு மிச்சம் பிடித்து அதை வாங்கவே வாங்காதீர்கள். இதெல்லாம் சரியான பிறகு டிவி ரிமோட்டை பீரோவுக்குள் வைத்துவிட்டோம். ஹாலில் ஒரே ரிமோட்.

முகப்புத் திரை பற்றியும் சொல்ல வேண்டும். ஃபயர் டிவி ஆகட்டும் கூகுள் டிவி ஆகட்டும், திறந்ததும் பாதித் திரைக்கு ஏதாவது புதுப் படத்தையோ தொடரையோ காட்டும். நாம் கேட்காமலே சில ஓட ஆரம்பிக்கும். வயதானவர்கள் அதைச் சேனல் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அது திடீரென நின்றுவிடும். ஃபயர் டிவியில் செட்டிங்ஸ், பிரிஃபரன்ஸ், ஃபீச்சர்ட் கன்டென்ட் என்று போனால் வீடியோவும் ஆடியோவும் தானாக ஓடுவதை நிறுத்தலாம். கூகுள் டிவியில் ஆப்ஸ் ஒன்லி மோட் என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் பரிந்துரைகள் பெரும்பாலும் ஒதுங்கி ஆப்கள் முன்னால் வரும். அதோடு தேடல் வசதியும் போய்விடும் என்பது உண்மைதான், ஆனால் எங்கள் வீட்டில் அதைத் தேடுவார் யாரும் இல்லை. வேண்டாத ஆப்களை எடுத்துவிட்டு, வேண்டிய நாலைந்தை முதல் வரிசையில் வரிசையாக அடுக்கி வைப்பது அடுத்த வேலை. இடம் ஒருபோதும் மாறக்கூடாது. அத்தை ஆப்பின் பெயரைப் படிப்பதில்லை, "இடமிருந்து ரெண்டாவது" என்றுதான் ஞாபகம் வைத்திருக்கிறார்.

ஸ்டிக் வாங்குவதாக முடிவு செய்தால் பார்க்க வேண்டிய சாதன விஷயங்கள் சிலவே. எங்கள் டிவி எச்டி ரெடி, 1366க்கு 768 புள்ளிகள். அதில் 4கே படம் தெரியப் போவதில்லை. ஆனாலும் ஃபயர் டிவியில் சாதாரண எச்டி ஸ்டிக்குக்கு 1 ஜிபி ராம், 2023இல் வந்த 4கே ஸ்டிக்குக்கு 2 ஜிபி. ஆப் விட்டு ஆப் தாவும் வீட்டுக்கு இந்த வித்தியாசம் கையில் தெரியும். படத்துக்காக அல்ல, காத்திருக்கும் நேரத்துக்காகத்தான் 4கே மாடல். மெதுவான பெட்டியில் என்ன நடக்கும் தெரியுமா? பட்டனை அழுத்தியும் எதுவும் நடக்கவில்லை என்று மறுபடி அழுத்துவார்கள், அப்புறம் எல்லா அழுத்தலும் சேர்ந்து வேலை செய்து வேறு எங்கோ கொண்டுபோய் விடும். பெரியவர்கள் "எனக்கு இது வராது" என்று கைவிடுவதில் பாதி இதனால்தான்.

மின்சாரத்தை டிவியின் யுஎஸ்பி ஓட்டையிலிருந்து எடுக்காமல் கூட வந்த அடாப்டரைச் சுவரில் மாட்டுங்கள். பழைய டிவிகளின் யுஎஸ்பி பெரும்பாலும் அரை ஆம்பியர்தான் தரும், ஸ்டிக்குக்கு அது போதாமல் அடிக்கடி தானாக அணைந்து எழும். டிவியை அணைத்தால் ஸ்டிக்கும் அணைந்து, மறுபடி போடும்போது முழுசாகக் கிளம்ப ஒரு நிமிஷம் எடுக்கும். எச்டிஎம்ஐ ஓட்டை சுவரை ஒட்டி இருந்தால் பெட்டியிலேயே வரும் குட்டி நீட்டிப்பு ஒயரைப் பயன்படுத்துங்கள். திடீரென உறைந்து நின்றால் ஃபயர் டிவி ரிமோட்டில் நடு பட்டனையும் பிளே பட்டனையும் சேர்த்து ஐந்து விநாடி பிடித்தால் ரீஸ்டார்ட் ஆகும். இதை மூத்த பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

போன் கவர் விற்கிற கடைகளில் "எல்லாச் சேனலும் ஃப்ரீ, மாசக் காசு கிடையாது" என்று ஒரு பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டி விற்பார்கள். உறவில் ஒருத்தர் வாங்கி, எங்களையும் வாங்கச் சொன்னார். வேண்டவே வேண்டாம். ஓடிடி ஆப்கள் நல்ல தரத்தில் ஓடப் பெட்டிக்கு வைட்வைன் எல்1 என்ற, படத்தைத் திருட்டு நகலிலிருந்து காக்கும் பூட்டுக்கான சான்று வேண்டும். அது இல்லாவிட்டால் அட்டையில் 4கே என்று எழுதியிருந்தாலும் படம் மங்கலாகத்தான் வரும், சில ஆப்கள் திறக்கவே செய்யாது. அதைவிடப் பெரிய காரணம், இப்படிப்பட்ட பெட்டிகளில் தொழிற்சாலையிலேயே வைரஸ் ஏற்றி வருவதை 2023இலேயே பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். பேட்பாக்ஸ் என்று அதற்குப் பெயர். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ இதன் அடுத்த வடிவத்தைப் பற்றிப் பொது எச்சரிக்கையே விட்டது. யுபிஐ ஓடுகிற போன்கள் இருக்கும் அதே வைஃபையில் அதை ஏன் மாட்ட வேண்டும்?

இவ்வளவுக்கும் பிறகும் மாமாவுக்கு வழி பிறக்கவில்லை. யூடியூபில் செய்திச் சேனலைப் போட்டுக் கொடுத்தால் பார்ப்பார். கொஞ்ச நேரம் கழித்து "இன்னும் பார்க்கிறீர்களா?" என்று திரை கேட்டு நிற்கும். "பாக்காம? பேப்பர் படிக்கேன்லா, அதுக்குள்ள என்ன அவசரம் இதுக்கு?" என்பார். எண்ணை அழுத்தினால் சேனல் வர வேண்டும், அழுத்தாவிட்டால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் கேட்டது இவ்வளவுதான்.

அது கிடைக்கிற இடம் நெட் கம்பெனிகளின் சொந்த டிவி சேவை, பெரும்பாலும் அவர்களே தரும் பெட்டியில். ஜியோவுக்கு ஜியோடிவி பிளஸ். ஏர்டெல் 2025 மார்ச்சில் ஐபிடிவியைக் கொண்டுவந்தது. பிஎஸ்என்எல் 2024 அக்டோபரில் ஐஎஃப்டிவியை ஆரம்பித்தபோது முதலில் எடுத்துக்கொண்ட இடங்களில் தமிழ்நாடும் ஒன்று. எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றுதான்: ஃபைபர் வழியாகவே நேரலைச் சேனல்கள், கேபிள் மாதிரி வரிசை எண்ணோடு, அதே பெட்டியில் யூடியூபும் ஓடிடி ஆப்களும். நாங்கள் ஹாலுக்கு எங்கள் நெட் கம்பெனியின் பெட்டியையே எடுத்தோம். வாங்குவதற்கு முன் நான் கேட்டவை: ரிமோட்டில் எண் பட்டன்கள் உண்டா, ஆன் செய்ததும் கடைசியாகப் பார்த்த சேனலிலேயே நிற்குமா, எங்கள் சேனல்கள் எந்த பிளானில் இருக்கின்றன, நெட்டை மாற்றினால் பெட்டியை என்ன செய்ய வேண்டும். போனில் பேசியவருக்கு இரண்டாவது கேள்வி புரியவே இல்லை. அதனால் அதே கம்பெனிப் பெட்டி வைத்திருக்கும் தெருக்கோடி வீட்டுக்குப் போய் நானே அணைத்துப் போட்டுப் பார்த்தேன். நின்றது.

அந்தப் பெட்டியில் நெட் ஒயரை நேராகச் சொருகும் லேன் ஓட்டை இருந்தது இன்னொரு வசதி. எங்கள் வீட்டுச் சுவர் பழைய காலத்துக் கனம். ரவுட்டர் மாடி அறையில். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகம்தான், ஆனால் சுவரைத் தாண்டினால் தேய்ந்துவிடும். 2.4 தாண்டும், ஆனால் அதில் அக்கம்பக்கத்து ரவுட்டர்களின் நெரிசல். மாடியிலிருந்து ஓர் ஒயரை இழுத்துப் பெட்டியில் நேராகச் சொருகியதும் சுற்றிக்கொண்டே நிற்கிற அந்த வட்டம் காணாமல் போய்விட்டது. ஸ்டிக் என்றால் ஒயர் போடத் தனி அடாப்டர் வாங்க வேண்டும். வேகம் அதிகம் வேண்டும் என்று பெரிய பிளானுக்குப் போகிறவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள். முழு எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேவுக்கு 15 போதும் என்று நெட்ஃப்ளிக்ஸே சொல்கிறது. 30, 40 எம்பிபிஎஸ் பிளான் எங்கள் மாதிரி வீட்டுக்குத் தாராளம்.

நெட் கம்பெனிப் பெட்டிக்குக் குறையும் உண்டு. அந்தக் கம்பெனியோடு கட்டிப் போட்டுவிடும். நெட் பில் கட்டாவிட்டால் டிவியும் நிற்கும். முகப்பில் அவர்கள் விற்க நினைப்பதுதான் முன்னால் இருக்கும். தேடிப் பார்ப்பவர்கள் மட்டுமே இருக்கிற வீட்டுக்கு, அதாவது சின்னக் குடும்பத்துக்கோ தனியாகத் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கோ, இது தேவையில்லை, நல்ல ஸ்டிக் ஒன்று போதும். எங்கள் படுக்கையறைக்கு அதைத்தான் வாங்கினேன். சரியான நெட்டே வராத ஊரில் இருக்கும் வீட்டுக்கு தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் உண்டு, கூரையில் டிஷ் வைத்துப் பார்ப்பது, மாசச் சந்தா கிடையாது. ஆனால் சன், விஜய் மாதிரியான சேனல்களை அதில் எதிர்பார்க்காதீர்கள்.

பெட்டி மாட்டிய பிறகு வந்த சிக்கல்களில் முக்கியமானது ஓடிபி. இந்த ஆப்கள் பலவற்றில் மொபைல் எண்தான் கணக்கு. கணவர் எண்ணில் எல்லாவற்றையும் போட்டிருந்தோம். அவர் வேலைக்கு வெளியூர் போகிற ஆள். ஏதோ ஒரு அப்டேட்டில் ஆப் வெளியேறிவிட்டது, ஏழரை மணி சீரியல், அவர் போன் சைலன்ட்டில். அன்று ராத்திரியே எல்லாவற்றையும் எப்போதும் வீட்டில் இருக்கிற மாமாவின் எண்ணுக்கு மாற்றினேன். பெங்களூருவிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள் இதை முக்கியமாகக் கவனியுங்கள். பணம் நீங்கள் கட்டுங்கள், எண் அவர்களுடையதாக இருக்கட்டும். கூடவே, ஓடிபியை டிவியில் மட்டும்தான் போட வேண்டும், போனில் கேட்கிற எவனுக்கும் சொல்லக் கூடாது என்பதையும் சொல்லி வையுங்கள்.

அடுத்தது மொபைல் பிளான். போன் ரீசார்ஜோடு இலவசமாக வருகிற சந்தா பல சமயம் மொபைலில் மட்டும் ஓடுகிற வகை. நெட்ஃப்ளிக்ஸின் 149 ரூபாய் பிளான் அப்படித்தான், ஜியோஹாட்ஸ்டார் தொடங்கும்போது மூன்று மாதத்துக்கு 149 என்று வைத்த பிளானும் அப்படித்தான். டிவியில் பார்க்க அதற்கு மேலே உள்ள பிளான் வேண்டும். "ஏற்கனவே இருக்குல்லா" என்று நம்பிக் கேபிளை நிறுத்திவிட்டு உட்காராதீர்கள், முதலில் டிவியில் திறந்து பாருங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் எங்களுக்குத் தலைவலி தந்தது யூடியூப்தான். ஒரே கணக்கில் எல்லோரும் பார்த்தால் மாமாவின் உபன்யாசத்துக்குப் பக்கத்தில் சிலைம் பிசைகிற வீடியோ வந்து நிற்கும், சின்னவளுக்குத் திருப்புகழ் வரும். ஆளுக்கொரு கணக்கு போட்டு, பிள்ளைகளுக்கு கிட்ஸ் ப்ரொஃபைல் வைத்தேன். டிவிக்கான தனி யூடியூப் கிட்ஸ் ஆப்பை 2024இல் எடுத்துவிட்டார்கள், இப்போது அது யூடியூப் ஆப்புக்குள்ளேயே இருக்கிறது. காசு கட்டி வாங்குகிற எதற்கும் பின் நம்பர் போட்டு வையுங்கள். அந்த எண் பிள்ளைகளின் பிறந்த வருஷமாக இருக்க வேண்டாம், அதைத்தான் முதலில் அடித்துப் பார்ப்பார்கள்.

குரல் பட்டன் இருக்கிறதே என்பார்கள். ஃபயர் டிவியில் நம் பேச்சைக் கேட்டு வேலை செய்யும் அலெக்ஸாவின் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. இந்தியாவுக்கு ஆங்கிலமும் இந்தியும்தான். சேனல் பெயரும் ஆப் பெயரும் ஆங்கிலத்திலேயே இருப்பதால் ஓரளவு சமாளிக்கும். அத்தை அதோடு பேச வெட்கப்படுகிறார். பிள்ளைகள் ஓயாமல் பேசுகிறார்கள். அதை நம்பி வாங்குவதாக இருந்தால் வீட்டில் யார் பேசப் போகிறாரோ அவரைக் கடைக்குக் கூட்டிப் போங்கள்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். நெட்டில் வருகிற நேரலை, கேபிளைவிடப் பின்தங்கித்தான் வரும். வீடியோவைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி அனுப்பி, நம் பெட்டி சில துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஓட்ட ஆரம்பிக்கிறது. தடங்கல் இல்லாமல் ஓட அந்தச் சேமிப்பு வேண்டும். எதிர்வீட்டில் இன்னும் கேபிள். சென்னை ஆடுகிற அன்று அங்கே ஓவென்று கத்துவார்கள், எங்கள் திரையில் பௌலர் அப்போதுதான் ஓட ஆரம்பித்திருப்பார். சத்தத்தை வைத்தே விக்கெட்டா சிக்ஸரா என்று என் கணவர் சொல்லிவிடுகிறார். மேட்ச் நேரம் ஜன்னலைச் சாத்தச் சொல்கிறார், வெயில் காலத்தில் அது நடக்கிற காரியமா?

கரன்ட் போனால் இன்வெர்ட்டரில் டிவி ஓடும், ரவுட்டர் எந்த பிளக்கில் இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் ரவுட்டர் இன்வெர்ட்டர் லைனில் இல்லை. ரவுட்டருக்கென்றே விற்கிற குட்டி யுபிஎஸ் ஒன்றை வாங்கி மாட்டினோம். அது இல்லாவிட்டால் ஒரு நொடி கரன்ட் போய் வந்தாலும் ரவுட்டர் எழுந்து நெட் பிடிக்கச் சில நிமிஷம் ஆகும், சீரியலில் முக்கியமான காட்சி அதற்குள் போய்விடும்.

பணம் மிச்சமா என்று கேட்பீர்கள். 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் புது முறையைக் கொண்டுவந்தபோது கேபிளுக்கு 100 சேனல் வரை அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், வரியோடு 153. சேனல் காசு அதற்கு மேல். 2024இல் அந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். நெட் பில் எப்படியும் கட்டத்தான் போகிறோம் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால் எங்களுக்குக் கொஞ்சம் மிச்சம். ஓடிடி ஒவ்வொன்றையும் தனித்தனியாக வருஷச் சந்தா போட்டிருந்தால் அதிகம்தான் ஆகியிருக்கும். நெட் பிளானோடு சேர்ந்து வருகிறவற்றை எழுதி வைத்துக்கொண்டு, இல்லாததை மட்டும் வாங்குங்கள். ஒரு தொடருக்காக ஒரு மாதம் எடுத்து, ஆட்டோபேயை அன்றைக்கே நிறுத்திவிடுவது என் வழக்கம். நிறுத்தினாலும் கட்டின மாதம் முழுக்க ஓடும்.

கேபிளோடு போனது ஒன்று உண்டு, லோக்கல் சேனல். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தை நாள் முழுக்கக் காட்டுவார்கள், இடையிடையே துணிக்கடை விளம்பரம், கண்ணீர் அஞ்சலி. மாமாவுக்கு ஊர்ச் செய்தி என்றால் அதுதான். தேரோட்டம் இப்போது யூடியூபிலும் வருகிறது. கண்ணீர் அஞ்சலிக்கு வழியில்லை, தெருமுனை போஸ்டரைத்தான் பார்க்க வேண்டும்.

பழைய செட்டாப் பாக்ஸைத் தூக்கிப் பரணில் போட்டுவிடாதீர்கள். அரசு கேபிள் 2017இலிருந்து இலவசமாகக் கொடுத்த பாக்ஸ் என்றால் அது நமக்குச் சொந்தமில்லை, இணைப்பை விட்டால் ஒப்படைக்க வேண்டும். தனியார் என்றாலும் கொடுத்துவிட்டு, இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று ரசீதிலோ வாட்ஸாப்பிலோ எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டெபாசிட் கட்டியிருந்தால் கேளுங்கள்.

எங்கள் கேபிள்காரர் பாக்ஸையும் ரிமோட்டையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார், கோபமெல்லாம் படவில்லை. "நாங்களே இப்ப ஃபைபர் தர்றோம்மா, ஓடிடியும் சேத்துத்தான். உங்க நெட்டு எப்ப முடியுதுன்னு மட்டும் சொல்லுங்க" என்று ஒரு பிளான் அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். படித்துப் பார்த்தேன், விலை பரவாயில்லை. பெட்டி ரிமோட்டில் எண் பட்டன் உண்டா என்று அடுத்த தடவை தெருவில் பார்க்கும்போது கேட்க வேண்டும்.